என் பைப்பு கசியல

சோப்புத் தண்ணிக்கு ஒரு ரூவா ஷாம்பு பாக்கெட்டே போதும். அரை டம்ளர் தண்ணில கலக்கி, கேஸ் பைப்பு ஜாயின்டுல தடவுங்க. கொமிழி வந்தா கசியுதுன்னு அர்த்தம். வரலன்னா நிம்மதியா வண்டிய எடுக்கலாம்.

டூர் வேன் வச்சிருக்கவுகளுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க பக்கம் திருச்செந்தூர், ராமேஸ்வரம்னு போற சனம் ஓட்டல்ல காசக் குடுக்காது, சமையல் சாமானோடதான் வண்டியேறும். அதுக்குத் தோதா வேன் பின்னாடி அடுப்பும் சிலிண்டர் பெட்டியும் வச்சுப் பைப்பு போட்டுக் குடுக்குறது என் தொழில். நான் போட்ட பைப்பு எதுவும் கசிஞ்சதில்ல.

இப்பத்தான் கசிஞ்சதுன்னு சொல்றாக. என் தங்கச்சி புருசன் ஜெயக்குமார் வேன் தீப்பிடிச்சு, அவரும் செத்துப்போனாரு. இந்த இருளப்பசாமி வேல சரியில்லன்னு மல்லாங்கிணறு டீக்கடை வரைக்கும் பேச்சு. தீயணைப்பு ஆபீஸ்ல இருந்து வந்து பாத்த சாரும் ஜாயின்டு லீக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அவருக்குச் சோலி முடிஞ்சுருச்சு. எனக்கு முடியல.

கேஸு மேல போகாது. காத்த விடக் கனம். தண்ணி மாதிரி கீழ எறங்கித் தரையில கெடக்கும். அதனாலதான் சிலிண்டர் பெட்டிக்கு அடியில ஓட்டை விடுறது, கசிஞ்சாலும் ரோட்டுக்குப் போயிரும்ல. மாப்ள அந்த ஓட்டைல சாக்க அடைச்சாரு. கரிசப் புழுதி மாவுச் சட்டில விழுதாம். ஓடுற வண்டில சிலிண்டரைத் தொறந்தே போட்டிருப்பாரு. கொரோனா வந்ததுல இருந்து அவருக்கு மூக்குல வாசம் தெரியாது. அதுக்குன்னே தரையோரமா ஒரு கேஸ் அலாரம் வாங்கி மாட்டிவிட்டேன். அது கத்துது கத்துதுன்னு கழட்டிட்டாரு.

கழட்டுனதோட விடல. ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டித் தெருவுல வெரட்டி விட்டாரு. "மச்சான், ஆடு கேஸ் விட்டாலும் இது கத்துமா?" ன்னு கேட்டாரு. வண்டிக்காரப் பயலுக விழுந்து விழுந்து சிரிச்சானுக. அன்னையில இருந்து எனக்குப் பேரே சோப்புத் தண்ணி.

வண்டி எடுக்குறப்ப சூடத்த மட்டும் வெளிய பொருத்துங்கன்னு கெஞ்சியே பாத்தேன். எல்லாரும் வண்டிக்கு முன்னாடி தரையில பொருத்தி, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வப்பாக. மாப்ள உள்ள ஏறி, படிக்கட்டுல சூடத்த வச்சுப் பொருத்துவாரு.

"சாமி உள்ள இருக்கு. நான் ரோட்டுக்குச் சூடம் காட்டவா மச்சான்?"

"படிக்கட்டுதான் மாப்ள கேஸு எறங்குற எடம்."

"அப்ப சாமி பாத்துக்கும். நீரு போயி சோப்புப் போடும்."

இப்படி ஒரு ஆளு பச்சப்புள்ளைகளையும் பெரிய மனுசரையும் ஏத்திட்டுப் போறாரு. என்னைக்காவது ஒரு நா வேன் நெறைய சனம் வெந்துருக்கும். நீங்களே சொல்லுங்க. ஒருத்தரோட முடிஞ்சது பெருசா, ஒரு வேன் சனம் போறது பெருசா?

அன்னைக்குப் பரளச்சி ஆளுகளுக்கு மொட்டை போடுற டிரிப்பு. அவுகள அவுக ஊர்லதான் ஏத்தணும், அதனால வண்டி காலி. அது எனக்குத் தெரியும். விடியக்காலம் பாலவனத்தம் போனேன். வண்டி வீட்டுக்குப் பின்னாடி கெடந்துச்சு. ஸ்பேர் சிலிண்டரைத் தூக்கி வெளிய தள்ளி வச்சேன். டயரோரம் கட்டிருந்த ஆடுகள அவுத்து வேப்பமரத்துல கட்டுனேன். வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல எடம் போதுமான்னு பாத்தேன், உள்ள என் தங்கச்சி இருக்குல்ல. அரைகொறையா வேல பாக்குறவன் இதையெல்லாம் பாக்க மாட்டான்.

அப்புறம் சோப்புத் தண்ணி போட்டேன். ஒவ்வொரு ஜாயின்டுக்கும். ஒரு கொமிழி வரல.

பொறவுதான் அடுப்புக் குமிழத் திருப்பி விட்டேன், பத்த வைக்காம. சன்னல், கதவு எல்லாம் சாத்திட்டு, தள்ளிப்போயிக் கருவேல மரத்தோரம் நின்னேன்.

மாப்ள குளிச்சு, பட்டை போட்டு வந்தாரு. கதவத் தொறந்து படிக்கட்டுல சூடத்த வச்சவரு, என்னையப் பாத்துட்டாரு.

"என்ன சோப்பு, வெள்ளனத்துலயே?"

கையை ஆட்டுனாரு. நானும் ஆட்டுனேன். வெளிய வச்சுப் பொருத்துங்க மாப்ளன்னு கடைசியா ஒருக்காச் சொல்லிருக்கலாம். எத்தன தடவதான் சொல்றது.

யாருக்கும் எம்மேல சந்தேகம் இல்ல. போலீஸ் கேசும் மூடியாச்சு. சும்மா இருந்தா இப்படியே போயிரும். ஆனா காரியத்தன்னைக்கு என் தங்கச்சி தங்கலட்சுமி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. "ஏண்ணே, ஒரு ஜாயின்ட ஒழுங்கா இறுக்கக் கூடாதாண்ணே? நீ போட்ட பைப்புதான்ணே அவுகளக் கொன்னுருச்சு." ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அத எப்படிப் பொறுத்துக்கிறது?

நான் எங்கயும் ஓடல. கடையிலதான் இருக்கேன், வாரவுக வரட்டும். தங்கலட்சுமி, நீயும் இதப் படி. ஒம் புருசன என் பைப்பு கொல்லல. நாந்தான் கொன்னேன். இனிமேயாச்சும் என் வேலயக் கொற சொல்லாதம்மா.