செத்த மரம் பெற்ற பிள்ளைகள்

போலீஸ் ஸ்டேஷன் டீ என்றாலும் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, சார். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

உடையார்பாளையத்துக்குக் கிழக்கே என் முந்திரிக்கொல்லையும் வைத்திலிங்கத்தின் கொல்லையும் எதிரெதிரே. நடுவில் பொட்டல். என் வேலியோரம் பட்டுப்போன இலுப்பை ஒன்று நின்றது. அதில் குடியிருந்த மரங்கொத்தி, நான் வெற்றிலை போடும் நேரத்துக்கு வந்து பாக்கை உடைத்துக் கொடுக்கும். நம்பாதவர்களும் உண்டு.

தொண்ணூற்றாறில், நான் ஊரில் இல்லாதபோது, வைத்திலிங்கம் அந்த மரத்தை வெட்டித் தன் மகள் சத்யப்பிரியாவின் சடங்கு விருந்துக்கு அடுப்பெரித்தான். கேட்கப் போன என் மனைவி சுந்தராம்பாளிடம், பந்தி முழுக்கக் கேட்கும்படி, "செத்த மரத்துக்கு ஏன் அண்ணி அழுவுறீங்க? பூக்காது, காய்க்காது. உங்க வூட்டப் போலத்தான்" என்றான். பந்தி சிரித்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதன்பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை, சாகும்வரைக்கும்.

பிறகு ஒரு வன ஆபீஸர் கூட்டம் போட்டார். காடு துண்டு துண்டாகிவிட்டதாம். செத்த மரத்தில் வாழும் பூச்சிகள் அடுத்த துண்டுக்குப் போக வழியில்லாமல் அழிகின்றனவாம். நடுவே அங்கங்கே செத்த கட்டைகளைப் போட்டுவைத்தால் தங்கித் தங்கிப் போய்ச் சேருமாம். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நான் கடைப்பிடித்தேன்.

புழு துளைத்துச் செத்த என் முந்திரிகளை எரிக்காமல் வெட்டி, பொட்டலில் வரிசையாகப் போட்டேன். உள்ளே புழுக்கள் மெல்லும் சத்தத்தில் எனக்கு ரேடியோ கேட்காது. பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டேன். வளர்ந்து வண்டாகிக் கட்டை விட்டுக் கட்டை போயின. சத்யப்பிரியா கல்யாணத்துக்கு அதே கட்டையில் ஒரு வண்டி விறகும் அனுப்பினேன். வைத்திலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பழச மனசுல வச்சுக்காத மனுசண்ணே நீங்க." எரித்தது போக மிச்சத்தைத் தன் கொல்லைக்குள்ளேயே அடுக்கினான்.

கொஞ்ச நாளில் அவன் மரங்களின் அடியில் மரத்தூள் கொட்டியது. மரத்துக்கு நோவு என்றால் ஊர் என்னைத்தான் கூப்பிடும். "ஒண்ணுமில்லடா, எறும்பு வேல. மண்ண அணைச்சு வுடு" என்றேன். துளைகள் தெரியாதபடி அணைத்தான்.

போன சித்திரையில் சத்யப்பிரியா கைப்பிள்ளையோடு அப்பன் கொல்லைக்குக் கொட்டை பொறுக்க வந்தாள். நானும் அங்கே இருந்தேன். "பெரியப்பா, தூளிய எந்த மரத்துல கட்டட்டும்?" என்றாள். ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். ஒன்றின் அடியில் மண்ணை விலக்கி விரலை விட்டேன். முழு விரலும் உள்ளே போனது. மண்ணை மூடினேன்.

"இதுல கட்டும்மா. நல்ல நெழலு."

மதியக் காற்றுக்கு மரம் அடியோடு சாய்ந்தது. தூளி அதன் கீழே கிடந்தது. சத்யப்பிரியாதான் அழுதாள். பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை.

நான் வண்டுகளுக்கு வழி போட்டேன், சார். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த மரம் தூளியைத் தாங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பிள்ளை வளர்த்தவனா?