நோன்பு மாதத்து ஊசி

டீ ஆறுகிறது, டாக்டர். முதலில் குடியுங்கள். ஜெக்கரியா மச்சான் இருந்தவரை உங்களை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை; புருஷன் போனார் என்பதற்காக அந்த வழக்கத்தை நான் ஏன் விடவேண்டும்?

இன்சுலினைக் குறைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். குறைக்கவில்லை.

நன்னிலம் பக்கத்து நஞ்சை என் அத்தா எனக்குச் சீராகக் கொடுத்தது. கல்யாணமான வருஷமே மச்சான் அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். புருஷன்தானே, போகட்டும் என்று விட்டேன். குத்தகைக்கு உழுதவன் மருதையன். ஆட்சி மாறியது, குத்தகைச் சட்டம் வந்தது, வரப்பில் செங்கொடி ஏறியது. ஒருநாள் மச்சானுக்கும் மனசு இளகிவிட்டது.

"மருதையன் வீடு மூணு தலைமுறையா உழுவுது, சைத்தூன். பெருநாள் கழிஞ்சதும் அவன் பேருக்கே எழுதிடலாம்னு இருக்கேன்."

"எங்க அத்தா கொடுத்ததுங்க அது."

"உங்க அத்தா என்னைக்கு ஏர் புடிச்சாரு?" என்று சிரித்தார்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அன்றைக்கும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தை ஏற்றி, வலிக்காமல்தான் போட்டேன். சர்க்கரை வியாதியில் அவர் கண் மங்கியதிலிருந்து அளவு பார்ப்பது என் வேலை.

நோன்புக்கு முந்தின வாரம் நீங்கள் வந்தீர்கள். நோன்பு வேண்டாம் என்றீர்கள், அவர் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்.

"இது நாள் பூரா உள்ள நின்னு வேலை செய்யிற மருந்தும்மா. பட்டினி கிடக்கிறப்ப பழைய அளவு ஆகாது, நான் சொல்றபடி குறைச்சுடுங்க. வேர்த்துக் கொட்டி, கை நடுங்குச்சுன்னா நோன்பைப் பாக்காதீங்க. உடனே சர்க்கரைத் தண்ணி கொடுத்துட்டு எனக்கு ஆள் அனுப்புங்க."

நன்றாக விளங்கியது. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

உள்ளே வந்ததும், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"எப்பவும் போலத்தானாம்," என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றபடி மருந்தில் ஒரு சொட்டு கூட்டியிருப்பேனா? கூட்டுகிற ஆள் இல்லை நான்.

நோன்பு தொடங்கியதும் லேசாக நடுங்கினார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது சட்டை நனைந்திருக்கும். வெயில் என்பேன், துண்டால் துடைத்துவிடுவேன். அவரும் நம்புவார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார், பாவம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாக்கு குழறியது. "கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கொடு, சைத்தூன்," என்றார். தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இவ்வளவு நேரம் புடிச்சுட்டீங்க, மச்சான். மஃரிபு பாங்கு சொல்லட்டும், நோன்பு திறந்துடலாம். ஆண்டவன் கூலி கொடுப்பான்," என்றேன்.

குழந்தை மாதிரி தலையாட்டினார். பத்திரத்தில் கையெழுத்துப் போடவிருந்த கை என் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தது. புதுப்புடவை, கசங்கிவிடும் என்று விரலைப் பிரித்துவிட்டேன். உங்களுக்கு ஆள் அனுப்பவில்லை.

நோன்போடு போனவர், கொடுத்துவைத்தவர் என்று கூத்தாநல்லூர் முழுக்கப் பேசுகிறது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான். மருதையன்கூட வந்து வாசலில் நின்று அழுதான். அவனுக்கும் டீ கொடுத்தேன்.

போலீசில் சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் புருஷனின் நோன்பு முறியக்கூடாது என்று பார்த்தவள், அதுதான் இவள் செய்த பாவம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாங்கா? சொன்னார்களே, டாக்டர். அப்போதும் மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து என் முகத்தைத்தான் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பிஸ்மி சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அவர் பார்க்கட்டும் என்று மெதுவாக மென்றேன்.