நாலாவது சக்கரத்து நட்டு

— அஜி, உள்ள என்ன தடால்னு விழுந்தது?

— உங்க ஜீப்புதான். மேசையில இருந்து தானா சரிஞ்சு விழுந்துச்சு. மூணு சக்கரத்துல எத்தனை நாளு நிக்கும்? கதவு திறந்துதான் கிடக்கு மஹேஷ், வாங்க. செருப்பை அங்கன கழட்டுங்க, தரை தொடச்சிருக்கேன்.

— பாடி உடையலையே?

— பாறை ஏறுற ரிமோட் வண்டிதானே, மேசையில இருந்து விழுந்தா செத்தா போயிரும்?

— பாரு, இந்த ஹாங்காங் வீல் என்ன அகலம். வண்டியோட வந்த வீலெல்லாம் இதுகிட்ட நிக்க முடியுமோ? நாலும் மாட்டிட்டா, நாளைக்கு விதுரா ஆத்துப் பாறை ரேஸ்ல ஒருத்தனும் கிட்ட வர முடியாது.

— நண்டு காலை விரிச்ச மாதிரி இருக்கு. மாட்டினா பாப்போம்.

— ஏன் இழுக்கறே?

— பின்னே, பார்சல் வந்ததுல இருந்து சனிக்கிழமை தோறும் மாட்டிக்கிட்டுதானே இருக்கிய. ஒரு வாரம் டயரை ரிம்முல உக்கார வைக்கணும்னீங்க. அடுத்த வாரம், திருப்பினா வீலு பாடியில தட்டுது, வாஷர் வேணும்னு போனீங்க. போன வாரம் மூணு மாட்டியாச்சு, நாலாவதுக்கு நட்டைக் காணோம்.

— இது என்ன சைக்கிளா, அவசரமா மாட்ட? ரிம்மு வளையத்துல எத்தனை குட்டி ஸ்க்ரூ இருக்கு பாரு. எதிரும் புதிருமா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒரே பக்கமா முறுக்கினா டயர் பிதுங்கிண்டு வந்துடும்.

— அதுல பாதி ஸ்க்ரூ நான் முறுக்கினதாக்கும். பாடம் வேண்டாம். இன்னைக்கு மாட்டி முடிச்சு வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க.

— இங்கயே இருக்கட்டுமே.

— இங்க யாரு இருப்பா? திங்கட்கிழமை எங்க வன்னியபெருமாள் அண்ணன் வேன் கொண்டு வாறான். வீட்டைக் காலி பண்ணுதேன். தென்காசியில ஒரு ஸ்கூல்ல வேலை சொல்லியிருக்கு.

— நீ சொல்லவே இல்லையே.

— நீங்க கேக்கவே இல்லையே. அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க, பத்து நாளு கூட இருந்துட்டு வாறேன்னு சித்திரை விஷு கழிஞ்சு போனீங்க. இப்ப கார்த்திகை பிறந்து மாலை போட்ட சாமிமாரெல்லாம் வந்தாச்சு.

— அம்மா இப்ப நன்னாத்தான் நடக்கறா. பழவங்காடி கணபதி கோயில் வரைக்கும் தனியாப் போயிட்டு வரா.

— தெரியும்.

— நோக்கு எப்படித் தெரியும்?

— உங்க அம்மா இருக்க கிழக்கேகோட்டை என்ன டெல்லியிலயா இருக்கு? நடக்காங்கல்ல, பின்னே வீட்டுக்கு வாறதுக்கு என்ன?

— எப்படிச் சொல்றது? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுண்டு வந்தவ ஆத்துல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னவ. நான் பெட்டியைத் தூக்கினா அன்னிக்குச் சாப்பிடாமப் படுத்துடுவா.

— அப்ப சனிக்கிழமை எங்க போறேன்னு சொல்லுதீங்க?

— ஜீப் ரிப்பேர்னு.

— அதுவாவது பொய் இல்ல. சரி, நட்டைத் தேடுங்க.

— கட்டிலுக்கு அடியிலகூட டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு.

— ஜங்ஷன்ல ராஜையன் சைக்கிள் கடையில கேக்கட்டா? அவர்கிட்ட இல்லாத நட்டு கிடையாது.

— சேராது. இது உள்ள நைலான் வளையம் வச்ச நட்டு, திருகுப் புரியே வேற. சாதா நட்டைப் போட்டா பாறையில அதிர்ந்து கழண்டுடும்.

— போன வாரம் போட்டிருந்த சட்டையில பாத்தியளா? நீலக் கட்டம் போட்டது.

— அதுல இருக்காது.

— பாத்தியளான்னு கேட்டேன்.

— அது தோய்க்கப் போட்டாச்சு. இருந்தா அம்மா சொல்லியிருப்பா.

— ஆமா. சொல்லுவாங்க.

— அஜி, நான் அடுத்த சனிக்கிழமை எங்கயாவது ஒரு நட்டு தேடிப் பிடிச்சு...

— வாற சனிக்கிழமை இந்த வீட்டுல வேற ஆளு இருக்கும்.

— ஒரு வாரம் தள்ளிப் போடேன்.

— எதுக்கு, ஒரு நட்டுக்கா?

— அப்படியே வச்சுக்கோ.

— நட்டுக்குன்னா முடியாது. வேற எதுவும் உண்டும்னா சொல்லுங்க, அண்ணனுக்கு இப்பவே போன் பண்ணுதேன்.

— முதல்ல இந்த மூணையும் இன்னொரு தடவை இறுக்கிடறேன்.

— டீ ஆறுது. குடிச்சிட்டுச் சொன்னாலும் போதும்.

— இந்த வீலை மாட்டி முடிச்சுட்டா, அப்புறம் என்ன சாக்குல நான் இங்க வரது?

— அப்ப நட்டு?

— தொலையலை. நான்தான் சட்டைப் பையில போட்டுண்டு போனேன். வாஷரும் அன்னிக்கு வேண்டியிருக்கலை. டப்பாவுலயே நாலு இருந்தது.

— இதைச் சொல்ல இத்தனை சனிக்கிழமை. கையை நீட்டுங்க.

— இது... அஜி, இது அந்த நட்டேதான். இது எப்படி உன் கையில?

— காலையில உங்க அம்மா ஆட்டோ பிடிச்சு வந்து தந்தாங்க. நான் போட்ட காப்பியைக் குடிச்சிட்டு, ‘சக்கரத்தை மாட்டிண்டு அவன் இங்கயே இருக்கட்டும், சட்டையெல்லாம் தோய்ச்சு நாளைக்குக் கொடுத்தனுப்பறேன்’னு சொல்லிட்டுப் போனாங்க.