பொய் ஊசியும் மெய்த் தூக்கமும்

இரண்டு பக்கத்து வாதத்தையும் இழுத்துப் பிடித்து, நடுவே வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! ஊசியால்தான் வலி தீர்கிறது என்று என் வலப்பக்கம் வாதாடும் அக்குபங்சர் டாக்டரம்மா அவர்களே! ஊசியில் ஒன்றுமில்லை, எல்லாம் நம்பிக்கை செய்யும் வேலை என்று இடப்பக்கம் வாதாடும் பேராசிரியர் அவர்களே! வேலை விட்ட கையோடு வீட்டுக்கும் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியில் தூங்கவைத்துக்கொண்டு எனக்காக விழித்திருக்கும் தாய்மார்களே! திரைக்குப் பின்னால் கயிறு பிடித்து நிற்கும் என் வீட்டுக்காரரின் கூட்டாளிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

என்ன? கேட்கவில்லையா? இருங்கள், மைக்கை இறக்கிக்கொள்கிறேன். உயரமானவர்கள் பேசிவிட்டுப் போன மைக் இது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இதே நாடக அரங்கத்தின் பின்னறையில் உட்கார்ந்து ராஜாக்களுக்கு அங்கி தைத்தவள். தைக்கத் தைக்க வசனம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தத் தோஷம், பேச ஆரம்பித்தால் எனக்கும் கொஞ்சம் நீண்டுவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பின்னால் ஒரு வானம் தொங்குகிறதே, பார்த்தீர்களா? அது என் வீட்டுக்காரர் தீட்டிய வானம். மேகத்தில் ஒன்று மட்டும் கோணலாக இருக்கும். தோளைத் தூக்க முடியாமல் கைக்கு எட்டவில்லை, அதனால் அப்படி. அந்தத் தோள்தான் இன்றைய விவகாரம். அண்ணாந்து அண்ணாந்து இடக்கையால் வானம் தீட்டியே அவருடைய இடத்தோள் இற்றுப்போனது. படுக்க முடியாது. புரள முடியாது. துணி வெட்டும் மேசையில் தலையைக் கவிழ்த்து, உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பார். நான் எண்ணெய் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வேண்டாத சாமி இல்லை, வாங்காத தைலம் இல்லை. தூக்கம் வந்ததா? வரவில்லை!

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஊசி ஆராய்ச்சி என்று ஆள் எடுத்தார்கள். அவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்களுக்கு உண்மை ஊசியும் வரலாம், பொய் ஊசியும் வரலாம், எதுன்னு மட்டும் சொல்ல மாட்டோம். சம்மதமா?" என்று கேட்டுத்தான் சேர்த்தார்கள். பொய் ஊசி எப்படி இருக்கும் தெரியுமா? மழுங்கிய முனை. தோலைத் தொட்டதும் தண்டு பிடிக்குள் போய்விடும். பார்த்தால் குத்தியது போலவே இருக்கும்.

போனார். வந்தார். நான்காவது தடவை போய்வந்த பிறகு, மேசையை விட்டு எழுந்து வந்து பாயில் படுத்தார். படுத்தார், அம்மா! நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில், "ஏங்க, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அந்த அம்மா கைராசி அப்படி! உன் தைலத்தையெல்லாம் கொண்டுபோய்க் கதவுக் கீலுக்குப் போடு" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நல்லபடியாக ஒரு காலம் போனது. பிறகு ஒரு நாள், பட்டறையில் டீ குடிக்க உட்கார்ந்தவர் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சு நின்றுவிட்டது. ஊசியாலும் அல்ல, தோளாலும் அல்ல. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துக்கம் கேட்க டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். போகும்போது வாசலில் நின்று, "அம்மா, ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு. இனிமே சொல்லலாம். அவருக்குப் போட்டது பொய் ஊசி" என்றார்.

பொய் ஊசி!

டாக்டரம்மா, தலை குனியாதீர்கள். எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நீங்கள் தலையாட்டிய பிறகுதான் நான் மேடை ஏறினேன்.

இந்த இடத்தில் பேராசிரியர் கைதட்டச் சொன்னால் நீங்கள் தட்டிவிடுவீர்கள். "பார்த்தீர்களா, பொய் ஊசியிலேயே தேறிவிடுகிறார்கள், ஆகவே எல்லாம் நம்பிக்கைதான்" என்று அவர் சற்று முன்பு சொன்னார். சரி என்று பட்டது. "பொய் ஊசியும் தோலைத் தொடுகிறதே, அதுவும் ஒரு வைத்தியம்தானே" என்று டாக்டரம்மா சொன்னார். அதுவும் சரி என்று பட்டது. அந்த ஆராய்ச்சியில் உண்மை ஊசிக்காரர்களும் பொய் ஊசிக்காரர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி தேறினார்களாம். ஒன்றும் போடாமல் காத்திருந்தவர்கள்தான் அவ்வளவாகத் தேறவில்லையாம். இங்கே உட்கார்ந்து கேட்டால் இருவர் சொல்வதும் சரி. வீட்டுக்குப் போய் அந்தப் பாயைப் பார்த்தால் இரண்டுமே தப்பு!

ஏன் தெரியுமா? இதோ, பையிலிருந்து எடுக்கிறேன். கத்தி. நல்ல நீளமான கத்தி. இதை என் உள்ளங்கையில் இப்படி...

ஐயோ என்று யார் அலறியது? முன்வரிசை அம்மாவா? பயப்படாதீர்கள். பாருங்கள், ரத்தம் இல்லை. குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும் நாடகக் கத்தி. செய்தது யார்? என் வீட்டுக்காரர்! இந்த அரங்கத்தில் செத்த ராஜாக்கள் அத்தனை பேரையும் கொன்றது அவர் செய்த கத்தி. முனையை மழுக்கி, அலகு உள்ளே போக, வெளியே வரச் செய்வதுதான் அவருக்குத் தொழில். இப்போது சொல்லுங்கள். இந்த மனிதரிடம் போய் ஒரு பொய் ஊசியைக் காட்டி ஏமாற்ற முடியுமா? முடியவே முடியாது!

டாக்டரம்மா வாசலில் இன்னொன்றையும் சொன்னார். இரண்டாவது தடவை போனபோதே இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்துக் கொடுத்தாராம். "டாக்டரம்மா, ஊசி உள்ள போறப்ப கிறீச்சுங்குது. தண்டுல இதைத் தடவுங்க, சத்தம் வராது. அடுத்து வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது" என்றாராம்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் அழுதேன்.

"ஐயா, அப்ப நீங்க நின்னுடலாமே?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். "வேணாம்மா. வீட்டுல அவ நம்பிட்டிருக்கா. நீங்க என்னைக் காட்டிக்குடுக்காதீங்க, நானும் உங்களைக் காட்டிக்குடுக்கல" என்று சொல்லிவிட்டுத் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம்.

பேராசிரியர் பேனாவை எடுக்கிறார். எடுங்கள் ஐயா, உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது.

டாக்டரம்மா வாசலில் அதைச் சொன்ன அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர் எனக்காக நடித்தாரா? நாடகக்காரர் கூட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பெண்டாட்டிக்கு முன்னால் நடிக்கத் தெரியாதா? வலியோடு படுத்து, வலியோடு சிரித்து, வலியோடு போய்விட்டாரா? தாய்மார்களே, எனக்கு வேண்டியது ஊசியின் வெற்றி அல்ல, தோல்வியும் அல்ல. என் மனிதருக்கு அந்தக் கடைசி நாட்களில் வலித்ததா, வலிக்கவில்லையா? அது ஒன்றுதான்!

மனம் பேதலித்து யோசித்துக்கொண்டே இருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. பாயில் படுத்த அந்த நாட்களில், நடு உறக்கத்தில் அவர் புரண்டு இடப்பக்கம் படுப்பார். அந்தத் தோளின் மேலேயே! முழு பாரமும் போட்டு, வாயைத் திறந்து, அந்தப் பட்டறை ரம்பம் மாதிரி குறட்டை விட்டுக்கொண்டு! விழித்திருப்பவன் நடிக்கலாம். தூங்குகிறவன் நடிப்பானா? குறட்டை யாருக்காக நடிக்கும்?

ஆகவே வலிக்கவில்லை. வலிக்கவில்லை! அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆனால் ஏன் வலிக்கவில்லை? அங்கேதான் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கிறது. ஊசியா? குத்தவே இல்லையே! நம்பிக்கையா? அவர் நம்பவே இல்லையே! தானாகவே குறைந்திருக்கும் என்கிறார் பேராசிரியர். இருக்கலாம். டாக்டரம்மாவின் கையா? அப்படியானால், அத்தனை காலம் தேய்த்த என் கைக்கு வராத தூக்கம் அந்தக் கைக்கு ஏன் வந்தது? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நம்பியது நான். தூங்கியது அவர். இது எந்தக் கணக்கில் வரும், பேராசிரியர் அவர்களே? ஒருத்தி நம்பினால் இன்னொருவருக்கு வலி தீருமா? கையை விரிக்கிறார், பாருங்கள். இவ்வளவு படித்தவர் கையை விரித்துக் காட்டுவதைப் பார்க்க எனக்கு ஓர் ஆறுதல்.

முன்வரிசை அம்மா, உங்களை ஒன்று கேட்கட்டுமா? கத்தி பொய். நீங்கள் அலறினீர்களே, அந்த அலறல் பொய்யா? பொய்க் கத்திக்கு மெய்யான அலறல் வரும் என்றால், பொய் ஊசிக்கு மெய்யான தூக்கம் வரக் கூடாதா? எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரிந்தது போல் பேசத்தான் இந்த மேடையில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்களே!

தலைவர் அவர்கள் எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார். "பேசி முடிச்சுட்டு, உங்களுக்குச் சரின்னு படற பக்கத்துல போய் உட்காருங்கம்மா" என்றார். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஐயா, மன்னிக்க வேண்டும். நான் நின்றுகொள்கிறேன். அவர் தீட்டிய கோணல் மேகத்துக்குக் கீழே எனக்கு நிற்க இடம் இருக்கிறது.

டாக்டரம்மா, நாளைக்கு நான் உங்களிடம் வருகிறேன். எனக்கும் இப்போது பாயில் படுக்க முடியவில்லை. எந்த ஊசி என்று சொல்லாதீர்கள். இல்லை, சொல்லிவிடுங்கள். அது எனக்கே இன்னும் தெளியவில்லை, உங்கள் இஷ்டம். இந்தாருங்கள், அவர் சட்டைப்பையில் மிச்சம் கிடந்த மெழுகுத் துண்டு. எந்த ஊசியானாலும் சத்தம் வராமல் போடுங்கள்.

தெளிவில்லாத ஒருத்தியின் பேச்சை எழுந்து போகாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. மடியில் தூங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் கைதட்டுங்கள். வணக்கம்.