தானாகக் கரையும் நூல்

"ஹலோ... ஹலோ, கேக்குதா? ... ஆஸ்பத்திரியில இருந்துதாங்க. பிரசவத்துக்கு அப்புறம் கேக்குற ஆய்வு. ... ஆமா, ஆமா, பத்தாம் நாள் கூப்பிட்ட அதே நர்ஸ்தான். இன்னைக்கு முப்பதாம் நாள். ... இல்லைங்க, உங்க சம்சாரத்துக்கிட்டதான் கேக்கணும். ... தூங்கினா எழுப்புங்க."

பத்தாம் நாளும் இதே புருஷன்தான் போனை எடுத்தான். 'அவ நல்லா இருக்கா' என்று அவன் சொன்னதை நம்பி, சிசேரியன் ஆனவளின் குரலைக் கேட்காமலேயே ஏழு கேள்விக்கும் 'பிரச்சினை இல்லை' என்று டிக் போட்டுவிட்டாள் நர்ஸ். அன்றைக்கு இன்னும் முப்பது பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த டிக் அவள் மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

"ம்... சொல்லும்மா, நீதானே பேசுற? ... காய்ச்சல் உண்டா? ... இல்ல. சரி. குழந்தை பால் குடிக்குதா? ... சரி, சரி. தையல் பிரிச்சாச்சா? ... ஆமாவா? எங்க பிரிச்சாங்க? ... நம்ம ஆஸ்பத்திரியிலயா?"

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். ஃபாரத்தில் இருந்தபடி, அந்தப் பெண்ணுக்குப் போட்டது தானாகக் கரையும் நூல். அதில் பிரிக்க எதுவுமே இல்லை.

"ஏய், யாரு நீ? ... பொய் சொன்னா, போனுக்குள்ள வந்து அறைவேன்! ... நாத்தனாரா? அவ எங்க? ... அழாத, சொல்லு. உங்கண்ணன் பக்கத்துல இருக்கானா? ... வாசல்லயா, சரி. மெதுவா சொல்லு. ... அவளை உள்ள தள்ளி வெளித்தாழ்ப்பாள் போட்டுட்டானா? எங்க மிதிச்சான்? ... வயித்துலயா? பாவி!"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, எதிர் மேசையில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுபவரிடம் கத்தினாள். "அண்ணே, அந்த போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. போலீஸையும். விலாசம் இந்த ஃபாரத்துல இருக்கு, சீக்கிரம்!"

"இங்க பாரு, நீயும் ஒரு பொம்பளதானே? தாழ்ப்பாளைத் திற. போனை அவகிட்ட குடு. ... அடிப்பான்தான். வாங்கிக்க. பொணத்தைப் பாக்குறதுக்கு அது மேல். ... போ!"

"அம்மாடி, நான் நர்ஸ். ... தையல்ல இருந்து ரத்தம் எவ்வளவு வருது? பாவாடை நனைஞ்சுபோச்சா? ... ஏதாவது துணியைச் சுருட்டித் தையல் மேல அழுத்து. இன்னும் அழுத்து. ... என்ன சத்தம் அது? ... வந்துட்டானா? டேய்! டேய் நாயே! ... ஐயோ, யாரை அடிக்கிறான்? தங்கச்சியையா? ... அம்மாடி, பக்கத்துல என்ன இருக்கு? ... இஸ்திரிப் பெட்டியா? எடு! ... யோசிக்காத, அடி! மண்டையில அடி!"

மடேர் என்று ஒரு சத்தம். குழந்தை வீறிட்டது. அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நர்ஸ் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அடிக்கச் சொன்னதற்காக அவளுக்கு வருத்தம் மட்டும் வரவே இல்லை.

"யாரு... அம்மாடி, நீயா? அப்பாடா. நாத்தனாருக்கு ஒண்ணுமில்லையே? ... சரி. ... அவன்? ... கீழ கெடக்கானா? மூச்சு வருதா? ... வருது. சரி. ... கிட்ட போகாத! ... அவன் தலையில கட்டவா? உனக்கென்ன பைத்தியமா? அந்தத் துணியை உன் வயித்துல வை! ... கண்ணை மூடாத. பேசிக்கிட்டே இரு, என்னத்தையாவது பேசு. ... ஆமா, ஆமா, சைரன் எனக்கும் கேக்குது. ... போனை அவங்ககிட்ட குடு."

"ஆம்புலன்ஸ் தம்பியா? ... நான்தாம்ப்பா கூப்பிடச் சொன்னேன். ... ரெண்டு பேர், வண்டி ஒண்ணுதான், தெரியும்."

இருபத்திரண்டு வருஷ வேலையில், நோயாளியைக் கண்ணால் பார்க்காமல் யார் முந்தி, யார் பிந்தி என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"அவளை ஏத்து. ... அவன் நெலமை ரொம்ப மோசமா? ... காதுல விழுந்துச்சுப்பா. அவளை ஏத்து, குழந்தையை ஏத்து, கதவைச் சாத்து. ... அவனுக்கு அடுத்த வண்டி வரும், இல்ல வராமப் போகட்டும். ... பொறுப்பா? என் பேர்ல எழுதிக்க. ... கெளம்புடா!"

போனை அவளே வைத்தாள்.