ஜெயித்தவர் உட்காருங்கள்

அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, சுண்ணாம்புக்கட்டியோடு தொண்டையையும் தேய்த்துத் தமிழ் கற்பித்த பெரியோர்களே, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் தாமே முடித்துக் கொடுக்கும் தாய்மார்களே, வணக்கம்!

எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் பார்ப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். நானோ கணக்காசிரியன். இலக்கணத்தின் மேல் எனக்குக் காதலும் இல்லை, கோபமும் இல்லை. தமிழாசிரியை வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அங்கே நடந்ததெல்லாம் என் காதில் விழுந்தது; பலகை இடுக்கு வழியே கண்ணிலும் பட்டது. அவ்வளவே என் தகுதி!

அம்மையார் அட்டை விளையாட்டு வைப்பார். ஒரு பிள்ளை கையில் 'அவள்'. இன்னொன்றின் கையில் 'வந்தாள்'. ஓடித் தேடிக் கைகோத்து, உரக்கச் சொல்ல வேண்டும். பொருந்தாத கையைப் பிடித்தால் சுவரோரம் போய் உட்கார வேண்டியதுதான். ஆகா, என்ன ஆரவாரம், என்ன அமளி! என் வகுத்தல் கணக்கு வாசல் வழியே ஓடியே போனது.

அந்த ஆரவாரத்தில் ஒரு சிறுமியின் குரல் மட்டும் இல்லை. வேற்றுமொழி பேசும் வீட்டுப் பிள்ளை. முதல் சுற்றிலேயே வெளியேறி, மணி அடிக்கும்வரை சுவரோரம் இருப்பாள். வாய்திறந்து தமிழில் பேசாவிட்டால் இதே வகுப்பில் இன்னோர் ஆண்டு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். தன் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிவரும்!

அப்போதுதான் விளையாட்டாசிரியர் வந்து பார்த்தார். "டீச்சர், நான் நல்லா ஓடுறவன ஒக்கார வச்சிட்டு, ஓட வராதவனத்தான் ஓட விடுவேன். நீங்க தலைகீழா பண்றீங்களே!"

"அப்ப ஜெயிச்சவங்களுக்கு என்ன சார் குடுக்கிறது?"

"ரெஸ்ட் குடுங்க!"

சிரிக்கிறீர்கள். பசித்தவரை எழுப்பிவிட்டு, உண்டு முடித்தவருக்கே மறுபடி பரிமாறுவது எந்த ஊர் நியாயம்? வகுப்பறையில் மட்டும் அதைச் செய்கிறோமே, ஏன்?

மறுநாள் விதி மாறியது. சரியாகச் சேர்ந்தவர் உட்கார வேண்டும். தவறியவர் மீண்டும் ஓட வேண்டும். அந்தப் பெண் ஓடினாள், ஓடினாள், ஓடிக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கால் பரபரத்தது. உட்கார மனமில்லாமல் வேண்டுமென்றே தப்பாகச் சேர்ந்தார்கள். வகுப்பிலேயே பெரிய சுட்டிப்பயல் 'அவர்கள்' அட்டையோடு வந்து, 'வந்தாள்' அட்டை வைத்திருந்த அவள் கையைப் பிடித்துக் கத்தினான்: "அவர்கள் வந்தாள்!"

"டேய், புளுகாத! அவர்கள் வந்தார்கள்! ஒனக்கு நல்லாத் தெரியும். போய் ஒக்காரு!"

யார் குரல் அது? யார் குரல்? அதே சுவரோரச் சிறுமியின் குரல்! தடுப்புக்கு இந்தப்புறம் நான் கணக்கை விட்டுவிட்டுக் கைதட்டினேன். கணக்காசிரியனுக்கும் கை உண்டு ஐயா! ஒரு வாக்கியமாவது பேசட்டும் என்றிருந்த தலைமையாசிரியை, அமளி கேட்டு வந்து, முழுச் சண்டையையே கேட்டுவிட்டு, அவளை அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்.

பெரியோர்களே! தடுமாறும் நாவுக்குத்தானே தமிழ் வேண்டும்? தவறிய பிள்ளைக்குத்தானே இன்னொரு தரம் வேண்டும்? தெரியாதவரிடமிருந்து ஆட்டத்தைப் பறிக்காதீர்கள்!

செவி தந்த அனைவருக்கும் நன்றி. எனக்குப் பேச வருகிறது. ஆகவே நான் உட்காருகிறேன். இதுவரை மேடை ஏறாத யாரேனும் எழுந்து வாருங்கள், உங்களுக்கு என் வணக்கம்!