லென்ஸ் கழுவிய தண்ணீர்

எங்கள் பக்கத்துக் குளிரில் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பெரிய தொல்லை. வெளியிலிருந்து வந்து சூடான சமையலறைக்குள் கால் வைத்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். என் மகள் லெசியா வாசலிலேயே நின்றுவிடுவாள். நான்தான் வாங்கித் துடைத்துக் கொடுப்பேன். அதில் எனக்குச் சலிப்பே இருந்ததில்லை.

போலீஸ்காரரே, சொல்வதை அப்படியே எழுதுங்கள். படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவன் நான், காகிதத்தை நம்பியதில்லை.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குத் தன் கைவிரல்கூடத் தெரியாது. முப்பது வயது தாண்டியும் என்னோடுதான் இருந்தாள். அவள் அம்மா போன பிறகு பண்ணையில் நாங்கள் இருவர் மட்டும். அறுவடை முடிந்த கையோடு, கண்ணாடியை விட்டுவிட்டுக் காண்டாக்ட் லென்ஸ் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள்.

"கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கா? மாட்டுக்குக்கூட அப்படிப் பண்ண மாட்டேன்" என்றேன்.

"மாடு டான்ஸுக்குப் போறதில்லப்பா" என்று சிரித்தாள்.

கண் மருத்துவரிடம் நானும் போனேன். என்னத்தை விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே. அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: லென்ஸில் தண்ணீர் படக் கூடாது. புட்டியில் இருக்கும் மருந்தில்தான் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரே ஆகாது. குட்டைத் தண்ணீர் பட்டால் கண்ணே போனாலும் போகும். லெசியா நிலைக்கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கவனமாகக் கேட்டேன். மருந்து விற்பதற்காகப் பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் முகத்தை ஊரே பார்த்தது. பனி தள்ளும் வண்டி ஓட்டும் ராஸ், எங்கள் பாதையில் பனியைத் தேவைக்கு மேல் தள்ளிக் கொடுத்தான். கிறிஸ்துமஸ் முடிந்ததும், பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்: "ராஸோட சாஸ்கடூன் டவுனுக்கே போயிடலாம்னு இருக்கேம்ப்பா. பனி உருகினதும்."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க."

மாடுகள் குடிப்பதற்காகக் குட்டையின் பனிக்கட்டியைத் தினமும் நான்தான் வெட்டித் திறப்பேன். அன்று ஒரு குவளை மொண்டு வந்தேன். அவள் கோழிகளுக்குத் தீனி போடப் போயிருந்தாள். புட்டியிலிருந்த மருந்தைக் கொட்டிவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினேன். மண் உறுத்தக் கூடாது என்று மெல்லிய துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். கெட்ட எண்ணம் இருப்பவன் வடிகட்டுவானா?

கண் கொஞ்சம் சிவக்கும், பயந்துபோய்ப் பழைய கண்ணாடிக்கே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். சிவந்தது. அவள் திரும்பவில்லை. சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று, வலிக்க வலிக்க, அந்தப் புட்டியிலிருந்தே இன்னும் அதிகமாக ஊற்றிக் கழுவினாள். நான் பக்கத்தில் துண்டோடு நின்றேன். புட்டி குறைந்தபோது நிரப்பியும் வைத்தேன்.

"அப்பா, ஊசி குத்துற மாதிரி இருக்கு. பயமா இருக்குப்பா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"புயல் வருதாம். அப்புறம் பாக்கலாம்." வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"ராஸைக் கூப்பிடவா?"

"இந்த வீங்கின மூஞ்சியோடயா?" என்றேன். கூப்பிடவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை. ஜன்னல் முழுக்க வெயில். வெளியே பனி கண்ணைப் பறித்தது. நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் உட்கார்ந்திருந்தவள், "ஏம்ப்பா விளக்கே போடாம இருக்கீங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் நாய் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது.

சத்தம் கேட்டுப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த ராஸ்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். தண்ணீரில் இருக்கும் ஏதோ கிருமி கண்ணைத் தின்றுவிட்டதாம். புட்டியை உங்களிடம் கொடுத்தவனும் அவன்தான். அவனை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

ஆமாம், ஊற்றியவன் நான். இரண்டு கண்ணும் போய்விட்டன, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் என் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ராஸ் பேசியபோதுகூட அவன் பக்கம் திரும்பவில்லை.

இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே நடுங்கிப்போய்க் கிடக்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குப் பயம் தெரியாது.